கறுத்த திரையும் பூட்டிய திரையும்

டெபியன் லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய என் மடிக்கணினியில் திரையைப் பூட்டுவதற்கு, 1992 முதல் புழக்கத்தில் இருக்கும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். பத்து நிமிடம் எதையும் தொடாவிட்டால் திரை கறுத்துவிடும் என்பதால், கணினி பூட்டிக்கொண்டது என்றே பல மாதங்களாக நம்பியிருந்தேன். ஒரு மாலை நான் காபி கலக்கப் போயிருந்த நேரத்தில், அக்காவின் ஐந்து வயது மகன் மவுஸை அசைக்க, கடவுச்சொல் கேட்காமலேயே திரை திறந்துகொண்டது. பாதியில் விட்டிருந்த என் விடுப்பு விண்ணப்பத்தின் நடுவே ‘ககககக’ என்று ஒரு வரி நீண்டிருந்தது.

அமைப்புச் சாளரத்தைத் திறந்து பார்த்தபோதுதான், திரை கறுப்பதற்கான நேரமும் பூட்டுவதற்கான நேரமும் தனித்தனி என்பது புரிந்தது. முதலாவது 10 நிமிடம். இரண்டாவதை என்றோ ஒருநாள், அடிக்கடி கடவுச்சொல் தட்டும் எரிச்சலில், நானே 30 என்று வைத்திருக்க வேண்டும். அந்த 30 நிமிடம் திரை கறுத்த பிறகே எண்ணப்படுவதால், கணினி உண்மையில் பூட்டிக்கொள்ள 40 நிமிடம் ஆகும்.

பூட்டும் நேரத்தை 0 ஆக்கினேன். சோதித்துப் பார்ப்பதற்காகக் கறுக்கும் நேரத்தை 1 நிமிடமாகக் குறைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரை கறுத்ததும் மவுஸை அசைத்தேன், கடவுச்சொல் பெட்டி வந்து நின்றது. பிறகு கறுக்கும் நேரத்தை 5 நிமிடமாக நிலைப்படுத்தினேன். எழுந்து போகும்போதே பூட்டிவிட, கன்ட்ரோல், ஆல்ட், எல் ஆகிய மூன்று விசைகளையும் பூட்டும் கட்டளையோடு இணைத்திருக்கிறேன்.