இழப்பின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்

தொழிலில் வென்றவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஆபத்தில் குதித்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அனுபவம் மிக்க தொழில்முனைவோர் 27 பேரிடம் கற்பனையான ஒரு புதிய தொழிலைக் கொடுத்து, அவர்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லவைத்து ஆராய்ந்தவர் பேராசிரியர் சரஸ் சரஸ்வதி. 2001இல் வெளியான அவருடைய கட்டுரை அந்த எண்ணத்துக்கு நேர்மாறானதைச் சொல்கிறது. எவ்வளவு இலாபம் வரும் என்பதைவிட, எவ்வளவு போனால் தாங்க முடியும் என்பதையே அவர்கள் முதலில் பார்த்தார்கள்.

ஆகவே, வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போக, முழுவதும் கரைந்தாலும் குடும்பம் நிலைகுலையாத ஒரு தொகையையும், அதைச் செலவிட்டுப் பார்ப்பதற்கான கால வரம்பையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தொகை சிறியதாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. அருண் ஐஸ்கிரீம் நிறுவனர் ஆர். ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை இராயபுரத்தில் குச்சி ஐஸ் தயாரிக்கத் தொடங்கியபோது போட்ட முதலீடு 13,000 ரூபாய்; கெவின்கேர் நிறுவனர் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கியது 15,000 ரூபாயில்.

அடுத்தது, பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத வாடிக்கையாளரைத் தேடுவது. சந்திரமோகனின் அருண் ஐஸ்கிரீம் சென்னையின் பெரிய பெயர்களோடு நேரடியாக மோதாமல், கல்லூரி விடுதிகளுக்கும் பிறகு சிறு நகரங்களுக்கும் சென்றது. ரங்கநாதன், எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பூ பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். மக்கள் பழகியதும், சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே அது என்று மாற்றினார். உறவினரிடமும் நண்பரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, குறைந்த அளவில் செய்து முன்பின் தெரியாத ஒருவரிடம் விற்றுப்பாருங்கள். பாராட்டுவதற்கு யாருக்கும் செலவில்லை. இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்குகிறாரா என்பதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுவது போன்ற அறிவுரைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. அந்த நேரத்தில் ஒரு பகுதியை அன்றாடக் கணக்கு எழுதுவதற்குக் கொடுத்தால் பயன் அதிகம். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, உங்களுக்கும் ஒரு சம்பளத்தை நிர்ணயித்து, வரவேண்டிய பாக்கியைத் தேதிவாரியாகக் குறித்துவாருங்கள். ஏட்டில் இலாபம் காட்டிக்கொண்டே கையில் ரொக்கமின்றி மூடப்படும் சிறு தொழில்கள் ஏராளம். நீங்கள் உற்பத்தியாளராகவோ சேவை வழங்குபவராகவோ இருந்தால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு இணையதளமான உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும்கூட, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியைக் கூட்டுவட்டியாகத் தர வேண்டும். இந்த விதியைக் கொள்முதல் ஆணை பேசும்போதே நினைவூட்டி, பணம் தரவேண்டிய தேதியை விலைப்பட்டியலிலும் (இன்வாய்ஸ்) அச்சிட்டுவிடுங்கள்.