சும்மா இருக்கும் முகம் கோபமாகத் தெரியும்போது: எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ளவரோடு வாழும் வீட்டாருக்கு

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (Borderline Personality Disorder) என்பது உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் ஏறியிறங்கும், கைவிடப்படுவோமோ என்ற அச்சம் வாட்டும் ஓர் உளநலக் கோளாறு. அது உள்ளவர்களுக்குப் பிறர் முகத்தை வாசிக்கத் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. மகிழ்ச்சியோ துயரமோ முகத்தில் தெளிவாகத் தெரியும்போது அவர்கள் பெரும்பாலும் சரியாகவே இனங்காண்கிறார்கள். கோபத்தின் சிறு சாயலைக்கூட மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொள்பவர்களும் உண்டு. பெரும்பாலும் இடறல் நேர்வது எந்த உணர்ச்சியையும் காட்டாத முகத்தின் முன்னால்தான். அதில் அவர்கள் கோபத்தையோ வெறுப்பையோ தம்மைக் கைவிடப்போவதன் அறிகுறியையோ காண்கிறார்கள். ஆபத்தை உணர்த்தும் மூளைப் பகுதியான அமிக்டலா, முகங்களைக் கண்டதும் இவர்களிடம் கூடுதலாகத் தூண்டப்படுவதை மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இதை நடிப்பென்றோ வேண்டுமென்று செய்யும் வம்பென்றோ சொல்வது அநியாயம்.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இது இன்னும் சிக்கலாகிறது. வயலிலிருந்து மத்தியானம் திரும்புபவரின் நெற்றி வெயிலுக்குச் சுருங்கியே இருக்கும். 2009 வரையான போரில் உறவுகளை இழந்த வீடுகளிலோ, துயரத்தை வெளிவிடாமல் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அத்தகைய முகத்தோடு பேசாமல் உள்ளே போய்விடுவதுதான் இக்கோளாறு உள்ளவர்களுக்கு மிகவும் அச்சமூட்டுகிறது.

எனவே, உங்கள் முகத்தில் இருப்பதை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். "தங்கச்சி, உன்னில கோபமில்லை. வெயிலுக்க நிண்டதால தலையிடிக்குது. கொஞ்சம் படுத்திட்டு வந்து கதைக்கிறன்." என்ன உணர்வு, ஏன் வந்தது, எப்போது திரும்பி வருவீர்கள் என்ற மூன்றும் இதில் அடங்கிவிடுகின்றன. உண்மையில் கோபம் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். பல்லைக் கடித்தபடி "கோபமில்லை" என்றால் அவர் உங்கள் முகத்தைச் சரியாகவே வாசித்துவிடுவார். அதன்பின் உங்கள் சொல்லை நம்புவது அவருக்குக் கடினமாகிவிடும். எந்தச் செயலால் கோபம் வந்தது என்பதையும், அதற்காக அவரை விட்டுப் போகப்போவதில்லை என்பதையும் தாழ்ந்த குரலில் சொல்வதே நல்லது.

அவர் தாமே பழகக்கூடிய வழியும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (DBT) என்ற உளச் சிகிச்சையில், மனத்தில் எழுந்த முடிவை நடந்தவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. சண்டை நடக்கும்போதன்றி, மனம் அமைதியாக இருக்கும் மாலைப்பொழுதில் இருவரும் சேர்ந்து இதைச் செய்து பார்க்கலாம். கோபத்தில் புருவங்கள் தாழ்ந்து நடுவில் நெருங்கும், உதடுகள் இறுகும். துயரத்தில் புருவங்களின் உள்முனைகள் மேலெழும், உதட்டோரங்கள் தாழும். களைப்பில் பெரும்பாலும் இமைகள் மட்டுமே கனத்துத் தொங்கும். கண்ணால் கண்டதை முதலில் சொல்லி, அதற்கு வேறு இரண்டு காரணங்களையாவது யோசித்து, பிறகு "என்னில கோபமோ, இல்லாட்டிக் களைப்போ?" என்று நேரே கேட்க அவர் பழக வேண்டும். அந்தக் கேள்விக்கு நக்கலின்றிப் பதில் சொல்வது வீட்டாரின் பொறுப்பு.

முகங்களில் ஆபத்தைத் தேடும் இயல்பு போர் தந்த உளக்காயத்தாலும் வரக்கூடும் என்பதால், இதை மட்டும் வைத்து யாருக்கும் நோயின் பெயரைச் சூட்டாதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தம்மைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ சாக வேண்டும் என்றோ அவர் பேசினால், தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.