பூகம்பம் வருமான்னு காந்த முள்ளைக் கேட்கும் முன்

கடலூர் பக்கம் பூகம்பப் பேச்சு எடுத்தால் 2001 செப்டம்பர் 25 இரவில்தான் போய் நிற்கும். புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் அதிர்ந்தது, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அந்தப் பேச்சின் நடுவில் யாராவது ஒருத்தர் "காந்த முள் முன்னாடியே ஆடுமாமே" என்பார். ஆடுமா என்று நீங்களே தோண்டிப் பார்க்க விரும்பினால் இப்படித் தொடங்குங்கள்.

முதலில் போன். காந்தமானி ஆப் ஒன்றை இறக்கி, போனை எட்டுப் போடுவது போல நாலு முறை சுழற்றிவிட்டு, இரும்பில்லாத இடத்தில் வையுங்கள். நம் பக்கம் பூமியின் காந்தப் புலம் 41 மைக்ரோடெஸ்லாவை (புலத்தை அளக்கும் அலகு) ஒட்டி ஒரு எண்ணாக வர வேண்டும். நான் முதலில் மொட்டை மாடியில் வைத்தேன், தளத்துக்குள் இருக்கும் கம்பியால் ஒரு அடி நகர்த்தினாலே எண் மாறியது. அப்புறம் சில்வர் பீச்சுக்குப் போய் மரப்பெட்டி மேல் வைத்தேன். அங்கே எண் ஓரளவு நின்றது, பக்கத்தில் ஒரு பைக் வந்து நிற்கும் வரை.

போன் கற்றுத்தருவது அவ்வளவுதான். ஒரு மைக்ரோடெஸ்லா என்பது ஆயிரம் நானோடெஸ்லா. அமைதியான நாளிலும் சூரியன் ஏற ஏற, நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தால் பகலில் புலம் சில பத்து நானோடெஸ்லா கூடிக் குறையும், தெற்கே திருநெல்வேலிப் பக்கம் காந்த நடுக்கோடு (காந்த முள் மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கும் கோடு) போவதால் அங்கே இன்னும் அதிகம். பாறை அழுத்தப்படும்போது அதன் காந்தத் தன்மை மாறலாம், நிலத்தடி நீர் பாறை இடுக்கில் நகரும்போது மின்னோட்டம் உண்டாகலாம் என்பதுதான் பூகம்பத் தொடர்புக்குச் சொல்லப்படும் காரணங்கள். அந்த மாற்றம் சில நானோடெஸ்லா அளவில்தான் எதிர்பார்க்கப்படுகிறது. போனுக்கு அது தெரியவே தெரியாது.

அதனால் ஆய்வகத் தரவுக்கு வாருங்கள். உலகக் காந்த ஆய்வகங்களின் கூட்டு வலையமைப்பான இன்டர்மேக்னெட் தளத்தில் அலிபாக், ஹைதராபாத் நிலையங்களின் நிமிடவாரித் தரவு கிடைக்கும். (மும்பை கொலாபாவில் இருந்த ஆய்வகத்தை அலிபாக்குக்கு மாற்றியதே மின்சார டிராம் வந்து அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால்தான். நம்ம பைக் கதை அப்போதே இருந்திருக்கிறது.) எக்செலில் போட்டு ஒரு நாளைக்கு ஒரு கோடாக வரையுங்கள். கோடு கோணலாக இருந்தால் உடனே பூமிக்கடியில் போகாதீர்கள், முதலில் மேலே பாருங்கள்: அன்றைய கேபி எண் (உலகம் முழுக்கக் காந்தப் புலம் எவ்வளவு கலங்கியது என்பதற்கு 0 முதல் 9 வரை போடும் எண்) என்ன, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத் தரவு மையம் வெளியிடும் டிஎஸ்டி (காந்தப் புயலில் நடுக்கோட்டுப் பக்கம் புலம் எவ்வளவு இறங்கியது என்ற அளவு) எவ்வளவு? 2024 மே 10, 11 தேதிகளில் சூரியப் புயலால் டிஎஸ்டி சுமார் 400 நானோடெஸ்லா கீழே இறங்கியது. அது எந்தப் பாறையும் செய்த வேலை இல்லை. அடுத்து, ஒரு நிலையத்தில் உள்ள கோணல் இன்னொன்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தால் வானத்து விஷயம். ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் கருவியோ பக்கத்து லாரியோ.

இதையெல்லாம் கழித்தும் ஏதாவது மிஞ்சினால், தேதியும் நேரமும் நோட்டில் எழுதிவிட்டு அதற்கப்புறம்தான் நிலநடுக்கப் பட்டியலைத் திறக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வரிசைதான் முக்கியம். உலகத்தில் 5 அளவுக்கு மேல் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் அதிகமாக அதிர்கிறது, ஒரு நாளைக்கு மூன்று நான்கு. பட்டியலைப் பார்த்துவிட்டுத் தேடினால் எந்தக் கோணலுக்கும் ஒரு பூகம்பம் மாட்டும். எவ்வளவு தூரத்துக்குள், எத்தனை நாளுக்குள் வந்தால் கணக்கு என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். கோணல் இருந்தும் பூகம்பம் வராத நாள், பூகம்பம் வந்தும் கோடு நேராக இருந்த நாள், இரண்டுக்கும் தனிக் கட்டம் போடுங்கள்.

பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1989 அக்டோபர் 17 கலிஃபோர்னியா லோமா பிரியேட்டா பூகம்பத்துக்கு முன் கொராலிட்டோஸில் பதிவான காந்த அலைதான் இருபது வருடமாக எல்லாரும் காட்டிய உதாரணம். 2009இல் அதே தரவை மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டவர்கள், கருவிக் கோளாறாகவே இருந்திருக்கலாம் என்றார்கள். அந்த அலையை முதலில் அறிவித்த ஆய்வுத்தாள், 2009 ஆய்வுத்தாள் இரண்டையும் வரைபடத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், உங்கள் முதல் கோணலை யாரிடமாவது காட்டுவதற்கு முன்னால்.