இசை நாடகத்துக்கான விக்: நெற்றி விளிம்பைக் கையால் கட்டும் முறை

முழு விக் ஒன்றை லேஸ் எனப்படும் மெல்லிய வலைத்துணியில் முடி முடியாகக் கட்டி முடிக்கப் பழகிய கைக்கே 40 மணி நேரம் வரை பிடிக்கும். ஆகவே புதிதாகக் கற்பவர்கள் ஆயத்த விக் ஒன்றை எடுத்து, அதன் முன்விளிம்பை மட்டும் நீக்கிவிட்டு, அங்கே லேஸ் வைத்துத் தைத்து முடி கட்டுவதிலிருந்து தொடங்குவதே நல்லது. விக் என்று பார்வையாளருக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த நெற்றி விளிம்புதான் என்பதால், உழைப்பையும் அங்கேயே செலவிடுவது பொருத்தம்.

முதல் படி: தலையின் அச்சு

நடிகர் மேடையில் விக்கின் கீழே தம் முடியை எப்படி வைத்திருப்பாரோ, அதே நிலையில்தான் அச்சு எடுக்க வேண்டும். முடியைச் சிறு சுருள்களாகச் சுற்றித் தலையோடு படியுமாறு கொண்டை ஊசி குத்தி, விக் தொப்பி அணிவித்தபின், உணவைப் பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தலையில் சுற்றி (மூக்கையும் வாயையும் ஒருபோதும் மூடக்கூடாது), அதன்மேல் கண்ணாடி போன்ற ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சில அடுக்குகள் ஒட்டுங்கள். கழற்றும் முன் நெற்றியின் முடி விளிம்பு, காதுகள், பிடரி ஆகியவற்றை அழியாத மை கொண்டு வரைந்துகொள்ளுங்கள்.

இசை நாடகத்தில் இன்னொன்றும் சேர்கிறது. பாடுபவரின் சிறிய மைக் பெரும்பாலும் நெற்றி விளிம்பில் அமர்ந்து, அதன் கம்பி தலைமேல் ஓடிப் பிடரி வழியாக இறங்கும். சில வேளைகளில் ஒலிபரப்பும் கருவியே விக்குக்குள் வைக்கப்படும். அச்சு எடுப்பதற்கு முன்பே ஒலிப்பிரிவினரிடம் பேசி, மைக்கின் இடத்தைக் குறித்து, கருவி உள்ளே வருமானால் அதையும் தலையில் பொருத்தியே அச்சு எடுங்கள். விக் முடிந்தபின் அதற்கு இடம் தேடினால் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும்.

இரண்டாம் படி: லேஸ் தைத்தல்

அச்சைத் துணித் தலையின்மேல் (விக் வேலைக்கான, துணியாலான தலை வடிவம்) கவிழ்த்து, இடைவெளிகளைப் பஞ்சால் நிரப்புங்கள். ஆயத்த விக்கின் தடித்த முன்பட்டையை வெட்டிவிட்டு, விக்கை அச்சின்மேல் குத்தி நிறுத்துங்கள். வரைந்த விளிம்பைத் தாண்டி 3 செ.மீ. வரை வெளியே நிற்குமாறு லேஸைச் சுருக்கமில்லாமல் பரப்பி, பொட்டுப் பகுதியில் (கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள நெற்றிப் பக்கம்) மிஞ்சும் துணியைச் சிறு மடிப்பாக மடித்து, மெல்லிய நூலால் விக்கோடு தைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: முடி கட்டுதல்

இதற்கான ஊசி, குரோஷா ஊசியை மிகவும் மெலிதாக்கியது போல, நுனியில் நுண்ணிய கொக்கியோடு இருக்கும். முடிகளின் வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கட்டும். மனித முடியில் வேரும் நுனியும் கலந்துவிட்டால் அதன் செதில்கள் எதிரெதிராக உரசிச் சிக்கு விழும்.

சிறு கற்றையின் வேர்ப்பக்கத்தை 3 அல்லது 4 செ.மீ. மடித்து, அந்த வளைவை இடக்கை விரல்களுக்கிடையே பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியை லேஸின் ஒரு கண்ணில் நுழைத்து அடுத்த கண் வழியாக வெளியே எடுத்து, வளைவிலிருந்து ஓரிரு முடிகளைக் கொக்கியில் மாட்டி, வந்த வழியே பின்னுக்கு இழுங்கள். அந்தக் கண்ணி ஊசியின்மேல் இருக்கும்போதே ஊசியைத் திருப்பி, இடக்கையிலுள்ள அதே முடிகளை மறுபடியும் கொக்கியில் சுற்றி, கண்ணியின் ஊடே இழுத்து, இரு முனைகளும் வெளியே வரும்வரை இறுக்கினால் ஒற்றை முடிச்சு விழும். எந்தத் திசையில் இழுத்து இறுக்குகிறீர்களோ, அந்தத் திசையில்தான் முடி படியும். தொடக்கத்தில் கொக்கி லேஸைக் கிழிக்கும். ஊசியின் முதுகால் துளையைச் சற்றே அகற்றியபடி வெளியே எடுக்கப் பழகினால் அது நின்றுவிடும்.

பின்னாலிருந்து நெற்றியை நோக்கிக் கட்டிவாருங்கள். பின்வரிசைகளில் முடிச்சுக்கு மூன்று நான்கு முடிகள், முன்னே வர வர இரண்டு, கடைசி விளிம்பில் ஒன்றே ஒன்று. விளிம்பை நேர்கோடாகக் கட்டாமல் முன்னும் பின்னுமாகச் சிதறவிட்டு, விக்கின் நிறத்தைவிடச் சற்று வெளிர்ந்த முடியை அங்கே கலந்தால், மேடை விளக்கில் அது கறுத்த பட்டையாகத் தெரியாது. தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முன்வரிசைக்காரரும் சீட்டு வாங்கித்தான் வருகிறார்.

நான்காம் படி: அலங்காரமும் பொருத்தமும்

மனித முடியை ஈரமாக உருளைகளில் சுற்றி உலர்த்தலாம். செயற்கை இழையை உருளையில் சுற்றி நீராவி காட்டிக் குளிரவிடுங்கள்; சூட்டுக்கருவி பட்டால் பல இழைகள் உருகிவிடும்.

நடிகருக்கு அணிவிக்கும்போது மிஞ்சிய லேஸை முடி விளிம்பிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். விக்கைத் தாங்க வேண்டியது உள்ளே இருக்கும் சுருள்களில் குத்தும் கொண்டை ஊசிகள். பசை லேஸைப் படியவைக்க மட்டுமே, அதையும் தோலில் ஒவ்வாமை பார்த்தபின் நடு நெற்றியிலும் பொட்டுகளிலும் தொட்டுவைத்தால் போதும். பிறகு அவரை அந்தக் காட்சியின் ஆட்டத்தை முழு வேகத்தில் ஆடிப் பாடச் சொல்லுங்கள். எங்கே நழுவுகிறதோ அங்கே இன்னோர் ஊசி சேருங்கள்.

ஒவ்வொரு நாடக நிகழ்ச்சிக்குப் பின்பும் லேஸைத் துண்டின்மேல் வைத்து, அந்தப் பசைக்கு உரிய கரைப்பானைத் தூரிகையால் தட்டிப் பசையையும் ஒப்பனையையும் எடுத்தபின், விக்கைத் துணித் தலையில் குத்தி உலரவிடுங்கள். பசை காய்ந்து கெட்டியான லேஸ் அடுத்த முறை நெற்றியில் படியாது.