ஈரிலக்க எண்ணால் நீள் வகுத்தல்: 7715 ÷ 37

ஓரிலக்க எண்ணால் தடையின்றி வகுக்கத் தெரிந்தவர்களும் 37 போன்ற எண்ணைக் கண்டவுடன் தயங்குவதுண்டு. 37-ஆம் வாய்ப்பாடு மனப்பாடமாக இல்லையே என்பதுதான் அந்தத் தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். தோராயமாக மதிப்பிட்டு, பெருக்கிப் பார்த்து, பொருந்தாவிட்டால் திருத்திக்கொள்ளத் தெரிந்தால் அந்த வாய்ப்பாடே தேவைப்படாது. இங்கே 7715 வகுபடும் எண், 37 வகுக்கும் எண். கிடைக்கும் விடை ஈவு, எஞ்சுவது மீதி.

தொடங்குவதற்கு முன் ஈவில் எத்தனை இலக்கங்கள் வரும் என்று பார்த்துவிடுங்கள். 37-ஐ 100-ஆல் பெருக்கினால் 3700, 1000-ஆல் பெருக்கினால் 37000. நம்முடைய 7715 இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால் ஈவு மூன்றிலக்க எண்ணாகவே இருக்க வேண்டும். இதைத் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

படி 1: 7-இல் 37 அடங்காது, ஆகவே முதல் இரண்டு இலக்கங்களான 77-ஐ எடுத்துக்கொள்கிறோம். இருமுறை 37 என்பது 74. ஈவில் 2 எழுதி, 77-இலிருந்து 74-ஐக் கழித்தால் 3 எஞ்சுகிறது. அந்த 77 உண்மையில் 77 நூறுகள் என்பதால், ஈவில் எழுதிய 2 நூறுகளின் இடத்தில், அதாவது வகுபடும் எண்ணின் இரண்டாம் 7-க்கு நேர் மேலே அமைய வேண்டும்.

படி 2: அடுத்த இலக்கமான 1-ஐக் கீழே இறக்கினால் 31 ஆகிறது. இது 37-ஐவிடச் சிறியது. பெரும்பாலான பிழைகள் நேர்வது இந்த இடத்தில்தான்: 31 போதவில்லை என்று கண்டவுடன் 5-ஐயும் சேர்த்து இறக்கிவிட்டு, ஈவில் எதுவும் எழுதாமல் கடந்துவிடுகிறோம். 31 பத்துகளை 37 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு முழுப் பத்து ஒன்றுகூடக் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதையும் ஈவில் பதிவு செய்ய வேண்டும், அதற்கான குறிதான் 0. அதை விட்டுவிட்டால் விடை 28 என்று வரும். ஓரத்தில் குறித்து வைத்த "மூன்றிலக்கம்" அந்தப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும்.

படி 3: பூச்சியத்தை எழுதியபின் 5-ஐ இறக்கினால் 315. இப்போது 37-ஐ 40 என்று கொள்ளுங்கள். 315-இல் 40 ஏழுமுறை அடங்கும். 37 × 7 = 259; கழித்தால் 56. எஞ்சியது 37-ஐவிடப் பெரிதாக இருப்பதால் இன்னும் ஒருமுறை அடங்கும் என்று பொருள். எனவே 7-ஐ அழித்து 8 எழுதுகிறோம்: 37 × 8 = 296, மீதி 19. மதிப்பீடு முதல்முறையே சரியாக அமையாதது தவறன்று. அழித்துத் திருத்துவதும் இம்முறையின் ஒரு பகுதியே.

ஈவு 208, மீதி 19. சரிபார்க்க, ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டுங்கள்: 208 × 37 = 7696; 7696 + 19 = 7715.

மூன்றிலக்க எண்ணால் வகுக்கும்போதும் படிகள் மாறுவதில்லை. தொடக்கத்தில் எடுக்கும் இலக்கங்கள் மட்டுமே கூடும்.

பயிற்சிக்கு 15308-ஐ 43-ஆல் வகுத்துப் பாருங்கள். 43-ஐ 40 என்று கொண்டால், இரண்டாம் படியில் 240-க்கு 6 என்று தோன்றும்; ஆனால் 43 × 6 = 258, அது 240-ஐத் தாண்டிவிடுகிறது. அங்கே ஒன்று குறைத்து 5 எழுதினால், ஈவு 356 என்றும் மீதி 0 என்றும் முடியும்.