ஊரில் எடுத்த இரத்த ரிப்போட்டைப் படிக்க

லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போய் இறங்கினால், பெட்டி திறக்கும் முன்பே அம்மாவின் ரிப்போட் கைக்கு வரும். வெறும் வயிற்றுச் சீனி 108. 'எனக்கு 6தானே, அம்மாவுக்கு 108ஆ?' என்று பதற வேண்டாம். ஊரில் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு, லண்டனில் மில்லிமோல். 108ஐ 18ஆல் வகுத்தால் அதே 6. இருவருமே 100க்கும் 126க்கும் இடையில் நிற்கிறீர்கள்; சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, வாசல்வரை வந்துவிட்டது.

ஊசி குத்துவதற்கு முன் எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் 'சும்மா ஒரு பிளேன்ரீ'யும் கணக்கில் சேரும்.

இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஊரில் சதவீதத்தில் வரும். பிரிட்டனில் 48 என்பது இங்கே 6.5, 53 என்றால் 7. கனடாக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கும் சதவீதம்தான். இரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றக்கூடும்.

அடுத்தது கிரியாட்டினின், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு. ஊர்க் கணக்கில் வரும் எண்ணை 88.4ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் கணக்கு கிடைக்கும்: 1.1 என்பது சுமார் 97. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து 'நோர்மல்தானே' என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பயம். அதே 1.1, 35 வயது மகனுக்குச் சிறுநீரக வடிகட்டும் வேகம் சுமார் 90 என்று காட்டும். 75 வயது அம்மாவுக்கு 52 அளவில்தான். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஒரே ரிப்போட்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது: நல்லூர்த் தேர் பார்க்க வெயிலில் தண்ணீரில்லாமல் நின்றுவிட்டு அடுத்த நாள் இரத்தம் கொடுத்தால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

சீனி வருத்தக்காரருக்குச் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் முதலில் தெரிவது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தில். அதைத் தனியாகக் கேட்டு எடுங்கள். கிரியாட்டினினோடு ஒப்பிட்ட அளவு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. பிரிட்டன் கணக்கில் அது 3. கசிவு இருந்தாலோ வேகம் குறைந்திருந்தாலோ, முழங்கால் நோவுக்கு பார்மசியில் டைக்ளோபினாக் (சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நோமாத்திரை) வாங்கிக் கொடுக்கும் முன் டொக்டரிடம் கேட்கவும்.

திரும்பும்போது ரிப்போட்டைப் படம் எடுப்பதென்றால் அலகும் திகதியும் தெரிய முழுத்தாளையும் எடுங்கள். வெறும் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்குள்ள டொக்டர் எதைத்தான் பார்ப்பார்?