கார்பன் புள்ளிகள்: அந்த நீல ஒளி யாருடையது?

சிட்ரிக் அமிலம், எத்திலீன்டையமீன், தண்ணீர். மூன்றையும் டெஃப்லான் குடுவையில் ஊற்றி, ஆட்டோகிளேவ் எனும் அழுத்தம் தாங்கும் எஃகுக் கலனில் மூடி, 200 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பழுப்பு நிறக் கரைசல் கிடைக்கும். புற ஊதா விளக்கைக் காட்டியதும் நீலமாகப் பளீரென்று ஒளிரும். கார்பன் புள்ளிகள், அதாவது ஒளிரும் நானோ அளவுக் கார்பன் துகள்கள், தயாராகிவிட்டன என்று உடனே படம் எடுத்துவிடுகிறோம். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகக் குழு 2013-இல் இந்தக் கலவையில் 80 விழுக்காடு வரை குவாண்டம் ஈவு (உட்கவர்ந்த ஒளித்துகள்களில் ஒளிர்வாகத் திரும்பும் பங்கு) கிடைத்ததாக அறிவித்தது. பலரும் அதே வழியில் இறங்கினார்கள். ஆனால் 2015-இல் அதே குழுவே, அந்த நீல ஒளியில் பெரும்பங்கு வினையில் உடன் உருவாகும் ஒரு சிறு மூலக்கூறிலிருந்து வருகிறது என்று காட்டியது. அதன் மூலக்கூறு எடை சுமார் 180, துகளே அல்ல.

எனவே டயாலிசிஸை, அதாவது நுண்துளைப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளிநீருக்குக் கசியவிட்டுப் பிரிப்பதை, தவிர்க்காதீர்கள். மையவிலக்கியில் சுற்றி வடிகட்டுவது மட்டும் போதாது, கரைந்த மூலக்கூறு வடிதாளில் நிற்காது. 1000 டால்டன் (மூலக்கூறு எடை அலகு) வரம்புள்ள பையில் கட்டி, வெளிநீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அந்த நீரைக் கொட்டுமுன் அதன்மேலும் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். முதல் நாள் பீக்கர் நீலமாக ஜொலிக்கும். பை நாளுக்கு நாள் மங்கும். மனம் கேட்காமல் இரண்டு மணி நேரத்திலேயே பையை எடுத்துவிடுபவர்கள் உண்டு. மங்கிய பின் எஞ்சுவதுதான் உங்கள் துகள்களின் கணக்கு.

ஆட்டோகிளேவைப் பற்றி ஒன்று: விளிம்பு வரை நிரப்பாதீர்கள், சூடாக இருக்கையில் திறக்காதீர்கள். அவசரத்துக்குக் குழாய்நீரில் குளிர்விப்பதும் வேண்டாம்.

அளவிடும்போது கரைசல் அடர்த்தியாக இருந்தால், தான் உமிழும் ஒளியைத் தானே விழுங்கும். தூண்டும் அலைநீளத்தில் உட்கவர்திறன் (கரைசல் ஒளியை விழுங்கும் அளவு) 0.1-க்குள் இருக்கும்படி நீர்க்கச் செய்யுங்கள். ஈவு முன்பே தெரிந்த, ஒப்பீட்டுக்கான குயினைன் சல்பேட்டைக் கந்தக அமிலத்தில்தான் கரைக்க வேண்டும். கையருகே இருக்கிறதென்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்தால், குளோரைடு குயினைனின் ஒளியை அணைக்கும். உங்கள் புள்ளிகளின் ஈவு காகிதத்தில் வீங்கிவிடும்.

360 நானோமீட்டரில் தூண்டியபோது 720-இல் கூர்மையான உச்சி தெரிந்தால், சிவப்பு ஒளிர்வு கிடைத்துவிட்டதென்று துள்ள வேண்டாம். அது கருவியின் 360 நானோமீட்டர் விளக்கொளிதான்; ஒளியைப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசையில், இரு மடங்கு அலைநீளத்தில் எட்டிப் பார்க்கிறது. வடிகட்டிக் கண்ணாடியைச் செருகினால் மறைந்துவிடும்.